இனவெறிக்கு எத்தன வேள மாத்திரை?

எழுதிரு தாயி, எழுதிரு. இனவெறி ஒரு மனநோய்தான்னு செமினாருல அடிச்சுப் பேசு. தாத்தா குறுக்க நிக்க மாட்டேன். நீ மனநல மருத்துவத்துல மேல்படிப்பு படிக்கிற புள்ள. நானோ ஆரம்ப சுகாதார நிலையத்து ஜன்னலுக்குள்ள நின்னு மாத்திரைய எண்ணிப் போட்டவன். ஒனக்கு நான் என்னத்தச் சொல்ல? ஒரே ஒரு கம்பவுண்டர் சந்தேகம் இருக்கு, அத மட்டும் கேட்டுக்கிடுதேன். டாக்டரு வியாதி பேர மட்டும் எழுதி அனுப்பினா ஜன்னல்ல நிக்கிறவன் என்னத்தக் குடுப்பான்? எத்தன மில்லிகிராம், எத்தன வேள, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு எழுதணும்லா?

மருந்து இருக்குன்னு நேத்து நீதான் வாசிச்சுக் காட்டின. 2012ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 36 வெள்ளக்காரவுகளக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு புரோபிரனலால் மாத்திரையும் மிச்சப் பேருக்கு மருந்தில்லாத சும்மா மாத்திரையும் குடுத்துருக்காக. பெறகு கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார வச்சு, கறுப்பு மொகம், வெள்ள மொகம், நல்ல வார்த்த, கெட்ட வார்த்தன்னு மாத்தி மாத்திக் காட்டி, பட்டன எம்புட்டு வேகமா அமுக்குதாகன்னு பாத்துருக்காக. மாத்திரை தின்னவுக வெரலு, கறுப்பு மொகத்தக் கெட்ட வார்த்தையோட சேக்கறதுக்கு அம்புட்டு அவசரப்படல. சரி, நேரடியா அபிப்பிராயம் கேட்டப்ப? அதுல மாத்திரை ஒரு மாத்தமும் பண்ணல. வெரலு திருந்திருச்சு, வாயி அப்படியே இருக்கு. பத்திரிகைக்காரன் விடுவானா? இனவெறிக்கு மாத்திரை வந்தாச்சுன்னு கொட்டு அடிச்சுட்டான்.

அந்த மாத்திரைய எனக்குத் தெரியாதா? நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ரத்தக்கொதிப்புக்குக் குடுக்கறது. இழுப்பு இருக்கிறவனுக்குக் குடுக்கக் கூடாது, மூச்சு முட்டிரும். அப்ப ஆஸ்துமா உள்ள இனவெறியன என்ன செய்யப் போற? சரி, அது கெடக்கட்டும். என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேருக்கு அந்த மாத்திரைய எண்ணிக் குடுத்துருக்கேன். தின்னுட்டு, படபடப்பு எறங்கி, அடுத்த மாசம் வெளிப் பெஞ்சுல சாவகாசமா ஒக்காந்து, பக்கத்துல இருக்கிறவன ‘நீ எந்தத் தெரு?’ன்னு கேட்டவுகளையும் பாத்துருக்கேன். முந்தி படபடன்னு கேட்டாக, மாத்திரைக்குப் பெறகு நிதானமாக் கேட்டாக. அம்புட்டுத்தான் குணம்.

இனவெறி வியாதிதாங்கற இந்த வழக்க எடுத்தவரு லேசுப்பட்ட ஆளு இல்லங்கறத ஒத்துக்கிடுதேன். ஆல்வின் புசான்ட், ஹார்வர்டுல மனநலப் பேராசிரியரா இருந்த கறுப்பர். 1965ல மிசிசிப்பிக்குப் போயி, ஓட்டுரிமை கேட்டுப் போராடினவுகளுக்கு வைத்தியம் பாத்த டாக்டருமாருக்குப் பொறுப்பாளரா இருந்தவரு. அதுக்கு முந்தின வருசந்தான் அதே மாநிலத்துல அப்படிப் போராடின மூணு எளவட்டங்களக் கொன்னு மண்ணணைக்கட்டுக்குள்ள பொதச்சிருந்தாக. அந்தச் சதியில துணை ஷெரீஃப் ஒருத்தனும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்ல வைத்தியம் பாத்தவருக்கு, இத வியாதின்னு சொல்லத் தோணாம வேற என்ன தோணும்? அந்தக் காலத்துல கறுப்பு மனநல மருத்துவர்கள் சில பேரு சேந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்துக்கிட்டப் போயி, முத்திப்போன இனவெறிய ஒங்க நோய்ப் பட்டியல்ல சேருங்கன்னு கேட்டாக. சங்கம் யோசிச்சு ஒரு பதில் சொல்லிச்சு பாரு, அதுக்குத்தான் ஒங்க ஆச்சி நேத்து அடுப்படியில இருந்தே சிரிச்சா. இது அமெரிக்காவுல ரொம்பப் பேருக்கு இருக்கு, அதனால இது இயல்பு, பண்பாட்டுச் சிக்கல், நோய் இல்லன்னுட்டாக.

எங்க காலத்துல காலரா வந்து ஊரே கெடையாக் கெடந்துச்சு தாயி. எல்லாருக்கும் இருக்கிறதால இது நம்மூர்ப் பழக்கவழக்கம்னு எந்த டாக்டரும் கைய விரிக்கல.

சங்கத்த ரொம்பக் குத்தம் சொல்லவும் கூடாது. அவுகளுக்குப் பட்டியல்ல சேக்கவும் தெரியும், எடுக்கவும் தெரியும். ஆணும் ஆணும் ஆசப்படறத வியாதின்னு அச்சடிச்சு வச்சிருந்தாக. 1973ல நிர்வாகக் குழு கைதூக்கி அத எடுத்துட்டாக. முந்தின நாள் ராத்திரி நோயாளியாப் படுத்தவன் மறுநாள் காலையில சொகமா எந்திரிச்சான், ஒரு ஸ்பூன் டானிக் செலவில்லாம. கறுப்பர்கள நடத்தின விதத்துக்கு 2021 ஜனவரியில அதே சங்கம் மன்னிப்பும் கேட்டுச்சு. வழக்கு போட்டவரு வாலிபம் போயி தாத்தாவா ஆனதுக்குப் பெறகுதான் கேட்டாக, ஆனா கேட்டாக.

ரொம்பப் பேருக்கு இருக்கு, அதனால இயல்புன்னு சங்கம் சொன்ன அந்தப் பதில்ல ஒரு உண்ம ஒளிஞ்சிருக்கு, பாத்தியா? மார்ட்டினிக் தீவுல பெறந்து, அல்ஜீரியாவுல மனநல ஆஸ்பத்திரி டாக்டரா இருந்த ஃபிரான்ஸ் ஃபனானும் 1956ல பாரிசுல நடந்த கறுப்பு எழுத்தாளர் மாநாட்டுல ஏறக்குறைய அதையேதான் சொன்னாரு. இனவெறிய ஒருத்தன் மண்டைக்குள்ள இருக்கிற கோளாறாப் பாக்காதீக, இனவெறி ஊறின சமுதாயத்துல இனவெறி பிடிச்சவன்தான் சரியான ஆளுங்கற மாதிரி. சங்கம் இதச் சொல்லிட்டு நாற்காலியில சாஞ்சு ஒக்காந்துச்சு. ஃபனான் இதச் சொன்ன அதே வருசம் அரசாங்க வேலைய ராஜினாமாப் பண்ணிட்டாரு. ஒரே பேச்சுதான், சொன்ன ஆளத்தான் பாக்கணும்.

இப்ப நீ கேப்ப, தப்பா எழுதினத எடுத்த சங்கம் சரியா ஒண்ணச் சேத்தா என்ன கொறஞ்சு போச்சுன்னு. கொறச்சல் ஒண்ணுமில்ல. ஆனா அந்த மருந்துச்சீட்டுப் புத்தகம் ஒங்காளுக கையில இருந்தப்ப யாரு பேருக்குச் சீட்டு கிழிச்சாகன்னு ஒரு பார்வ பாத்துக்கோ.

1851ல லூசியானாவுல சாமுவேல் கார்ட்ரைட்னு ஒரு டாக்டரு. அடிமைகள் எஜமான விட்டு ஓடிப்போறது ஒரு மனநோய்னு கண்டுபிடிச்சு, நியூ ஆர்லியன்ஸ் மருத்துவப் பத்திரிகையில எழுதினாரு. டிரேப்டோமேனியான்னு கிரேக்கத்துல பேரும் வச்சாரு. சவுக்கு, சங்கிலி, வெயிலு, பருத்திக்காடு, பெத்த புள்ளையப் பிரிச்சு விக்கிற சந்த, இத்தன வசதியையும் விட்டுட்டு ஒருத்தன் ஓடுறான்னா அவனுக்குப் புத்தியில கோளாறு இல்லாம எப்படி? நல்லாச் சோறு போட்டு, கொழந்தைய வச்சுக்கிடற மாதிரி வச்சுக்கிடணுமாம். மிஞ்சினா அடிக்கணுமாம், முன்கூட்டியே அடிச்சா நோயே வராதாம். தடுப்பூசி மாதிரி தடுப்படி!

அந்தாளுக்கிட்ட இன்னொரு வியாதியும் உண்டு. அடிமை வேல செய்யாம அசமந்தமா நின்னா அது தோலும் நரம்பும் மரத்துப்போற நோயாம். அதுக்கு வைத்தியத்த நீ வாசிச்சப்ப மொதல்ல எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. வெந்நீர்ல சோப்புப் போட்டுக் குளுப்பாட்டி, ஒடம்பு பூரா எண்ணெய் தேய்க்கணும்னு இருந்துச்சுல்லா, பரவாயில்லையே நம்ம சனிக்கெழம முறதானேன்னு நெனச்சேன். அடுத்த வரிதான் வெவரம்: அந்த எண்ணெய அகலமான தோல்வாரால அடிச்சு அடிச்சு எறக்கணும். பெறகு வெயில்ல வெறகு வெட்ட விடணும். எண்ணெயும் அவுகளுக்கே செலவு, வெறகும் அவுகளுக்கே வரவு. இப்படி லாபமான வைத்தியத்த நான் எந்தப் புத்தகத்துலயும் பாக்கல.

அதுக்கும் முந்தி, 1840 மக்கள்தொகைக் கணக்கு. வடக்க சுதந்திரமா இருக்கிற கறுப்பர்கள்ல புத்தி பெசகினவுக கொள்ளப்பேரு, தெக்க அடிமையா இருக்கிறவுகள்ல ரொம்பக் கொறச்சல்னு கணக்கு சொல்லிச்சு. மாசசூசெட்ஸ்ல வொர்செஸ்டர்னு ஒரு ஊரு, அங்க இருந்த 151 கறுப்பர்ல 133 பேருக்குச் சித்தம் கலங்கிருச்சுன்னு எழுதியிருக்கு. விசாரிச்சா, அங்க இருந்த மாநில மனநல ஆஸ்பத்திரியோட வெள்ளக்கார நோயாளிகளக் கொண்டுபோயி கறுப்பர் கட்டத்துல எழுதிட்டாக. மெய்ன் மாநிலத்துச் சில ஊர்ல கறுப்பரே கெடையாது, ஆனா புத்தி பெசகின கறுப்பர் இருக்காகன்னு கணக்கு! எட்வர்டு ஜார்விஸ்னு ஒரு டாக்டரு ஒக்காந்து வரிவரியாப் பாத்துத் தப்பக் காட்டினாரு. எவன் கேட்டான்? 1844ல வெளியுறவு மந்திரி ஜான் கால்ஹூன், சுதந்திரம் குடுத்தா இவுகளுக்குக் கிறுக்குப் பிடிக்கும், அடிமையா வைக்கிறதுதான் தர்மம்னு பிரிட்டிஷ் தூதருக்கு அந்தக் கணக்க வச்சே கடுதாசி எழுதினாரு. ரிஜிஸ்தர்ல கட்டம் மாறினா என்ன ஆகும்னு ஒரு கம்பவுண்டருக்குத் தெரியும். ஸ்டாக்குல ரெண்டு அட்ட மாத்திரை கொறஞ்சாலே எங்களுக்கு மெமோ வரும். அங்க மந்திரியே அத மேற்கோள் காட்டுதாரு.

சரி, அது பழைய காலம்னு தள்ளிருவியா? 1968ல நியூயார்க்ல ரெண்டு மனநல மருத்துவர்கள், கறுப்பு ஆம்பளைகளுக்கு வார ‘போராட்ட மனச்சிதைவு’ன்னு ஒண்ண எழுதினாக. உரிமை கேட்டுக் கோவப்படறது நோய் அறிகுறி ஆயிருச்சு. 1974ல ஹாலோபெரிடால் மருந்துக்கு ஒரு விளம்பரம் வந்துச்சு, முஷ்டி மடக்கின கறுப்பு ஆம்பள படத்தோட. அது நான் எண்ணிப் போட்ட மாத்திரை தாயி, நல்ல மருந்துதான். காதுல இல்லாத கொரல் கேக்கிறவுகளுக்குப் பெரிய ஒத்தாசை. உரிமை கேக்கிற கொரலுக்கு எதுக்கு அது?

அதனாலதான் சொல்லுதேன். இந்தச் சீட்டுப் புத்தகம் எப்பவுமே அடிவாங்கினவன் பக்கம்தான் சட்டுனு தெறக்கும். அடிச்சவன் பேரு வந்தா மட்டும் பேனாவுல மை வத்திரும்.

ஒருவேள நீ கெட்டிக்காரத்தனமா மை ஊத்தி எழுதிட்டேன்னு வச்சுக்கிடுவோம். கோர்ட்டு ஒண்ணு இருக்குல்லா? 2011 ஜூலையில நார்வேயில ஆன்டர்ஸ் ப்ரெய்விக்னு ஒருத்தன், வெளிநாட்டுக்காரரும் முஸ்லிம்களும் ஐரோப்பாவப் பிடிச்சுக்கிட்டாகன்னு சொல்லி 77 பேரக் கொன்னான். மொதல்ல பாத்த ரெண்டு டாக்டரு, இவனுக்கு மனச்சிதைவுன்னாக. ஊரு கொதிச்சுச்சு. வேற ரெண்டு டாக்டரு பாத்துட்டு, புத்தி தெளிவாத்தான் இருக்குன்னாக. அரசுத் தரப்பு வக்கீலே இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு கேக்காரு. கொன்னவனோ, நான் தெளிவாத்தான் இருக்கேன், ஜெயிலுக்கு அனுப்புங்கன்னு மல்லுக்கு நிக்கான். 2012 ஆகஸ்டுல கோர்ட்டு அவன் சொன்னதையே ஏத்துக்கிட்டு 21 வருசம் போட்டுச்சு, அதுக்குமேல நீட்டிக்கிடலாம்னு. 2015ல அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் தேவாலயத்துல வேதபாட வகுப்புல கூடவே ஒக்காந்திருந்துட்டு 9 கறுப்பரச் சுட்ட டிலன் ரூஃப் கதையும் அதேதான். வக்கீலுமாரு மனநிலையப் பத்திப் பேசித் தலையக் காப்பாத்தப் பாத்தாக. அவன் அவுகள ஓரமா ஒக்கார வச்சுட்டு, எனக்கு மனசுல கோளாறு ஒண்ணுமில்லன்னு ஜூரிக்கிட்ட தானே எந்திரிச்சுச் சொன்னான். அவுக ரெண்டு பேரும் பேசினதுல எனக்கு நம்பிக்கை வந்த ஒரே பேச்சு அதுதான்.

நாஜித் தலைவர்கள நூரம்பர்க் ஜெயில்ல வச்சு மைக்கறைப் படமெல்லாம் காட்டிச் சோதிச்ச டக்ளஸ் கெல்லிங்கற டாக்டரும் கிறுக்கத் தேடித்தான் போனாரு. தனிக் கிறுக்கு ஒண்ணும் ஆப்புடல. இந்த மாதிரி ஆளுக எங்க நாட்டுலயும் இருக்காகன்னு எழுதினாரு. அமெரிக்காவுல அந்தப் பேச்சு ருசிச்சிருக்காது.

புசான்ட் சொன்னதுல ஒரு பாதி நியாயம் உண்டு, அத விட்டுரப்படாது. இன்ன சாதி சனம் என்னக் கொல்ல வருது, என் வீட்டுச் சொவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு ராப்பகலா நடுங்கறவன் இருக்கான். அவனுக்கு வைத்தியம் வேணும். ஆனா அது மனச்சிதைவுக்கான வைத்தியம். அந்தக் கிலிக்கு யாரோட மொகம் வருதுங்கறது ஊரு சொல்லிக் குடுக்கிறது. ஊர்ல எவனக் கண்டு பயப்படச் சொல்லி வளத்தாகளோ, அவனத்தான் அந்தச் சொவத்துக்குள்ள பாப்பான். மத்தபடி மாசாமாசம் எங்கிட்ட வந்து வரிசையில நின்ன மனநோயாளிகளப் பத்திக் கேளு: ஊரு அவுகள அடிச்சதுதான் அதிகம், அவுக ஊர அடிச்சது கொறச்சல். ஏற்கனவே அத்தன பேச்சு கேட்டுச் சொமக்கிற சனத்துக்கிட்ட, இந்தா இந்த இனவெறிக்காரனும் ஒங்க கூட்டந்தான்னு நீ கொண்டு சேத்தா அவுக ஒத்துக்கிடுவாகளா? நானா இருந்தா போராட்டம் பண்ணுவேன்.

பெரிய கேடு எதுவும் கிறுக்கால நடக்கல புள்ள. 1930களில அமெரிக்க அரசாங்கத்துல வீட்டுக்கடனுக்குன்னு ஒரு கழகம் இருந்துச்சு. 200க்கும் மேல நகரங்களுக்குப் படம் போட்டு, தெருவுக்குத் தெரு பச்ச, நீலம், மஞ்ச, செவப்புன்னு சாயம் பூசினாக. கறுப்பர் குடியிருக்கிற பகுதி கிட்டத்தட்ட எல்லாம் செவப்பு, கடன் குடுத்தா ஆபத்துன்னு அர்த்தம். அந்தப் பென்சிலப் பிடிச்சவனுக்குக் கை நடுங்கல, கொரல் கேக்கல. நேரத்துக்கு ஆபீசுக்கு வந்தான், கோட்டுக்கு வெளிய சாயம் போகாமப் பூசினான், பென்சன் வாங்கினான். அந்தச் செவப்புத் தெருவுல பெறந்தவனோட பேரன் இன்னைக்கும் சொந்த வீடு இல்லாம ரத்தக்கொதிப்போட மாத்திரைக்கு நிக்கான். கேஸ் ஷீட்டுல ‘நோயாளியின் புகார்’னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நீ யாரு புகார எழுதுவ? பென்சில் பிடிச்சவனக் கேட்டா, எனக்கு ஒரு புகாரும் இல்ல டாக்டர், நல்லாத் தூங்குதேன்னுதான் சொல்லுவான்.

இதையும் மீறி எழுதத்தான் போறேன்னா ஒரு யோசன சொல்லுதேன், கேட்டுக்கோ. அமெரிக்காவுல 1990ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒண்ணு போட்டாக. அதுல மனநோயும் அடக்கம். நீ இனவெறிய வியாதி ஆக்கின மறுநாளு ஒரு மேனேஜரு வக்கீலக் கூட்டிக்கிட்டு வருவான். ‘ஐயா, நான் நோயாளி, கறுப்பர வேலைக்கு வைக்கலன்னு என்ன வேலைய விட்டு எடுக்கறது சட்ட விரோதம். பக்கத்து மேசையில கறுப்பர் ஒக்காந்தா எனக்கு நோவு கூடுது, எனக்குச் சௌகரியமா எடம் மாத்திக் குடுங்க’ம்பான். அவன் வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ், ஓய்வெடுக்கச் சம்பளத்தோட லீவு. 1964ல இருந்து சட்டம் போட்டு, கோர்ட்டு ஏறி, அபராதம் வாங்கி எறக்கி வச்சிருந்த இனவெறிய நீ ஒத்த மருத்துவச் சான்றிதழால தூக்கி ஏத்தி விட்டுருவ. கோர்ட்டு ஒத்துக்கிடுமா ஒத்துக்கிடாதாங்கறது வேற கத. வக்கீலுக்கு நல்ல வரும்படி. ஒங்க சித்தப்பன் மகன் சட்டந்தான் படிக்கான், அவனுக்குச் சொல்லி வை.

செமினாருல பேச வேற ஒண்ணும் ஆப்புடலன்னா, மார்ட்டின் லூதர் கிங் 1967 செப்டம்பர்ல அமெரிக்க உளவியல் சங்கத்துல போயிப் பேசினத எடுத்துக்கோ. ஒங்க படிப்புல ‘ஒத்துப்போகாதவன்’ங்கறது ஒரு கொறதான? அவரு அத்தன உளவியல்காரரையும் எதுர ஒக்கார வச்சுக்கிட்டு, பிரிச்சு வைக்கிற சட்டத்துக்கும் மதவெறிக்கும் வறுமைக்கும் நான் ஒத்துப்போக மாட்டேன்னு சொன்னாரு. அப்படி ஒத்துப்போகாதவுகளுக்குன்னே உலக அளவுல ஒரு சங்கம் வேணும்னும் கேட்டாரு. அந்தப் பக்கத்த நீ வாசிக்கிறப்பத்தான் ஃபோன்ல சார்ஜ் போயிருச்சு. அந்தச் சங்கம் ஆரம்பிச்சாகளா, சந்தா எம்புட்டு, ரிட்டயரான கம்பவுண்டர்மாரச் சேப்பாகளான்னு பாத்துச் சொல்லு தாயி. ஆச்சி பேரையும் சேத்தே குடு, அவ கல்யாணம் ஆன நாள்ல இருந்தே உறுப்பினர்தான்.